அமுக்கப்பட்டவருக்குப் பொன்னாடை

எங்கள் தேவாலயப் பங்குத் திருவிழா மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தியபோது நானும் கூட்டத்தோடு கைதட்டினேன். வயிறு எரிந்தது. அவரும் நானும் காரைக்குடியில் ஒரே கல்லூரியில், ஒரே வேதியியல் துறையில் வேலை பார்க்கிறோம். அவருடைய கட்டுரையை ஆய்விதழ்க்காரர்கள் இரண்டே வரியில் திருப்பி அனுப்பினார்கள். ஊர் அவரை அமுக்கப்பட்ட விஞ்ஞானி என்றது. கான்கிரீட்டுக்குள் கம்பி ஏன் துருப்பிடிக்கிறது என்று நான் எழுதியதையும்தான் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். எனக்கு ஒரு துண்டு கூடக் கிடைக்கவில்லை.

தண்ணீருக்குள் உலோகத் தகடுகளை வைத்து மின்சாரம் செலுத்தினால், செலுத்தியதைவிடக் கூடுதலாக வெப்பம் வருகிறது என்பது அவர் கட்டுரை. பாடப்புத்தகப்படி நடக்கவே முடியாத காரியம். வீட்டு மாடி அறையில் அதைச் செய்துகாட்டி யூடியூபில் போட்டார். கொத்தமங்கலம், சிங்கம்புணரியிலிருந்தெல்லாம் ஆட்கள் பார்க்க வந்தார்கள். என் மனைவி சமைத்துக்கொண்டே அந்த வீடியோக்களைப் பார்ப்பாள்.

"பாவம், பெரிய கம்பெனிக்காரய்ங்க சேந்து அமுக்கிப்புட்டாய்ங்க. நீங்களும் கூடவேதான இருக்கீக, ஆதரவா ஒரு வார்த்தை பேசக் கூடாதா?"

"அமுக்குற அளவுக்கு அதுல என்ன இருக்கு?" என்றேன். அது பொறாமைதான். என் கட்டுரையின் தலைப்பு கூடத் தெரியாத அவளுக்கு இந்தப் பொறாமை மட்டும் நன்றாகத் தெரியும்.

ஒருநாள் ஆசிரியர் அறையில் அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "சார், நீங்க ஒரு தடவை செஞ்சு பாக்குறீகளா? வேற யாரும் செய்ய மாட்டேங்குறாக." நான் உடனே சரி என்றேன். அவர் சொல்வது தப்பு என்று காட்ட எனக்கு அத்தனை ஆசை.

சனிக்கிழமை அவர் மாடிக்குப் போனேன். தகடுகளிலோ தண்ணீரிலோ ஒரு குறையும் இல்லை. குறை மின்சாரத்தில் இருந்தது. டிராக்டர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய சார்ஜரை அவர் மாட்டியிருந்தார். அதிலிருந்து மின்சாரம் சீராக வராது, துடித்துத் துடித்து வரும். சாதாரண மீட்டர் அதில் சராசரியை மட்டும்தான் காட்டும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் உள்ளே போகும் மின்சாரம் குறைவாகத் தெரியும். அப்புறம் வெளியே வரும் வெப்பம் கூடுதலாகத் தெரியாமல் என்ன செய்யும்? கல்லூரியிலிருந்து நல்ல பவர் சப்ளை கொண்டுவந்து மாட்டினேன். கூடுதல் வெப்பம் போன இடம் தெரியவில்லை.

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பழைய சார்ஜரை எடுத்து ஓரமாக வைத்தார்.

"இதை அந்த ஆய்விதழ்க்காரவுக அன்னைக்கே சொல்லியிருந்தா விட்டிருப்பேனே சார். சிரிச்சவுகளும் உள்ள பாக்கல, பொன்னாடை போட்டவுகளும் பாக்கல. நீங்க ஒருத்தர்தான் பாத்தீக."

நான் பார்த்தது பொறாமையில்தான் என்று அவருக்குத் தெரியாது. அவரை யாரும் அமுக்கவில்லை, தப்பைத் தப்பு என்றார்கள், அவ்வளவுதான் என்று அதுவரை வீம்பாக இருந்தேன். என்ன தப்பு என்று பார்க்காமலே திருப்பி அனுப்பியதற்கு வேறு என்ன பெயர் சொல்வது? அவருக்காவது வயிறெரிய நான் இருந்தேன். என்மேல் பொறாமைப்பட ஆளில்லை. என் கம்பியை யார் வந்து சோதிக்கப் போகிறார்கள்?

இருந்தாலும் தப்பைக் கண்டுபிடித்தது நான்தான் என்று மனைவியிடம் சொல்லிவிட வேண்டும். வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன். வழியில் காய்கறி வாங்கியதில் நேரமாகிவிட்டது. வீட்டுக்குள் நுழையும்போது அடுக்களையில் அவர் குரல் கேட்டது. அதற்குள் புது வீடியோ போட்டிருந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொல்றாக பாருங்க. என்ன மனசு! எத்தனை பேரு இப்பிடி ஒத்துக்கிருவாக?" என்றாள் மனைவி.

"கண்டுபிடிச்சது யாருன்னு சொன்னாரா?"

"சொன்னாகளே. உங்க பேரைச் சொல்லித்தான் ஆரம்பிச்சாக."

எனக்குக் காட்டுவதற்காக வீடியோவை முதலிலிருந்து போட்டாள். என் பெயரை அவர் அத்தனை மரியாதையாகச் சொன்னார். இவள் கண் கலங்கியிருந்தது, என் பெயருக்காக அல்ல. அடுத்த திருவிழாவுக்கும் பொன்னாடை அவருக்குத்தான் என்று நினைத்தபடி காய்கறிப் பையை அடுப்பு மேடைமேல் வைத்தேன்.