இரண்டு பாக்கெட் கசாயம்

தர்மலிங்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் அவர் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மனுஷனுக்குக் கோபம் வந்துவிடும். கெடா மாநிலத்துப் பீடோங்கைச் சுற்றியிருக்கும் செம்பனைத் தோட்டங்களில் ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி தொடாத ஆம்பளை தான் ஒருவன்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார். பியர் கிடையாது, சம்சு கிடையாது. கல்யாண வீட்டில் யாராவது கிளாஸை நீட்டினால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். அவருடைய அப்பா சம்சு குடித்துக் குடித்தே நாற்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைத்துவிட்டு வந்த அன்றைக்கு, "இந்தச் சனியன் இனிமே என் வீட்டு வாசப்படி ஏறாது" என்று சொன்னார் தர்மலிங்கம். சொன்னபடியே இருந்தார். அதில் ஒரு பொய்யும் இல்லை.

செம்பனைக் குலை வெட்டுவது லேசுப்பட்ட வேலையா? நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அண்ணாந்தே நிற்க வேண்டும். விழுந்த குலையைத் தூக்கித் தள்ளுவண்டியில் போட வேண்டும். நாற்பத்தைந்தாவது வயதில் அப்படியொரு குலையைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. கிளினிக் மாத்திரையைப் போட்டால் வயிறு எரிந்தது. போடாவிட்டால் குனிய முடியவில்லை. கூட வேலை செய்த அம்மாசி ஒருநாள் பிளாஸ்டிக் பையில் கட்டிய பச்சைத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினார். "குடிச்சுப் பாருண்ணே. சும்மா எலதான். வலி எங்க போச்சுன்னே தெரியாது."

கெத்தும் இலையைக் கொதிக்க வைத்து வடித்த தண்ணீர் அது. கெடாவில் இருந்துகொண்டு கெத்தும் என்னவென்று தெரியாது என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். போலீஸ் பிடித்தால் கேஸ் என்பதும் எல்லாருக்கும் தெரியும். தர்மலிங்கத்துக்கும் தெரியும். ஆனால் அரை மணி நேரத்தில் வலி விட்டுப்போய், இருபது வயதுப் பையன் மாதிரி அன்றைக்கு வேலை பார்த்தார். அதற்குப் பிறகு விடுவாரா? இரண்டு மாதத்தில் தினமும் வேண்டும் என்றாகிவிட்டது.

ஐஸ்பெட்டியில் பச்சைப் போத்தலைப் பார்த்து அவர் மனைவி லோகேஸ்வரி கேட்டாள். "என்னாங்க இது?"

"கசாயம்லா. இடுப்புக்கு."

முடிந்தது கதை. அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குப் பெயர் கசாயம். சுங்கை பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலைக்கு ஷிப்டு போய் வருகிற லோகேஸ்வரிக்கு அதற்கு மேல் துருவிக் கேட்க நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. தண்ணி என்றால் பாவம், போதை என்றால் கேவலம், கசாயம் என்றால் யாருக்கு என்ன? தர்மலிங்கமும் அந்தப் பெயரை மனதார நம்பினார். ஒரு பெயரை மாற்றி வைத்துவிட்டு ஏழு வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார் மனுஷன்!

இதோடு நின்றிருந்தால்கூட அவருடைய உடம்பு, அவருடைய பாடு என்று விட்டிருக்கலாம். முதல் சில வருஷம் அம்மாசியே வாங்கித் தந்தார், பிறகு அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்தத் தண்ணீரை விற்பவன் திகாம் பத்துச் சாலையோரம், கடைவரிசைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் இருந்தான். அங்கே தர்மலிங்கம் போய் நின்றால் பார்க்கிறவன் நாலு பேரிடம் சொல்லுவானே! தண்ணி தொடாதவர் என்ற பெயர் என்னாவது? அதனால் மகனை அனுப்பினார்.

மகன் திவாகரன். ஒரே பிள்ளை. அப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டு, பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தில் போலீஸ் கேடட் அணியில் சேர்ந்திருந்தான். புதன்கிழமை மத்தியானம் பயிற்சி. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே சட்டையை இஸ்திரி போட்டு, பூட்சுக்கு எச்சில் துப்பித் துப்பிப் பாலிஷ் தேய்த்து, தொப்பியைக் கண்ணாடி முன்னால் சாய்த்துச் சாய்த்து வைத்துப் பார்ப்பான். பெரியவனானால் போலீஸ்தான், வேறு பேச்சே இல்லை. "எங்கப்பா தண்ணியே தொட மாட்டாரு, தெரியுமா?" என்று கூட்டாளிகளிடம் பீற்றிக்கொள்கிற பிள்ளை.

தர்மலிங்கம் போட்ட கணக்கைக் கேளுங்கள். புதன்கிழமை பயிற்சி முடிந்து யூனிபார்மோடு வருகிற பையனை எந்தப் போலீஸ்காரன் நிறுத்துவான்? "தம்பி, வர்ற வழியில அப்பாவுக்குக் கசாயம் வாங்கிட்டு வந்துருய்யா" என்றார். பையனும் பள்ளிப் பைக்குள் வைத்து வாங்கி வந்தான். ஒரு வாரத்துக்கான பாக்கெட்டுகள். போலீஸ் தொப்பியைப் போட்ட பிள்ளையின் முதுகில் கெத்தும் தண்ணீரைச் சுமக்கவிட்ட அப்பனை என்னவென்று சொல்ல? நினைத்தாலே வயிறு எரிகிறது. அவருக்கு அப்போது எரியவில்லை.

படிவம் நான்கில் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். வேப் சிகரெட், மாத்திரை, கெத்தும் என்று பிள்ளைகளிடையே என்னென்னவோ பரவுகிறது, பெற்றோரும் பள்ளியும் சேர்ந்துதான் இதைப் பார்க்க வேண்டும் என்று அழைப்புக் கடிதம். ஆலோசக ஆசிரியை உமாராணி மலாயில் பேசிவிட்டு, தமிழ்ப் பெற்றோர் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார். "புள்ளைங்க பையை நாங்க பாக்குறோம். வீட்டுல ஐஸ்பெட்டிய நீங்க பாருங்க. பாதி புள்ளைங்களுக்கு மொதல்ல கெடைக்கிறதே வீட்டுலதான்."

உடனே எழுந்து நின்றாரே தர்மலிங்கம்! "டீச்சர், அப்பன் ஒழுங்கா இருந்தா புள்ள ஒழுங்கா இருக்கும். எங்க வீட்டுல தண்ணி கெடையாது, சிகரெட் கெடையாது. எம்மவனப் பாருங்க" என்று கையைக் காட்டினார். நாற்காலி எடுத்துப் போட வந்த கேடட் பையன்களோடு கடைசி வரிசையில் நின்றிருந்தான் திவாகரன். எல்லாரும் கை தட்டினார்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டான். கூச்சம் என்று நினைத்தார் அப்பா.

கூச்சமில்லை. அதற்குள் அவனும் குடித்துக்கொண்டிருந்தான். அப்பா குடிக்கிற கசாயம்தானே என்று படிவம் மூன்றில் ஒரு மடக்கு. பிறகு ஓட்டப் பயிற்சிக்கு முன்னால் அரைப் பாக்கெட். பிறகு தனக்கென்று ஒரு பாக்கெட்.

கூட்டம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு புதன்கிழமை மத்தியானம், வெட்டிய குலையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சாயங்காலம் கடை இருக்காது என்று பையன் பயிற்சிக்கு முன்னாலேயே போய் வாங்கி வந்திருக்கிறான். அன்றைக்குப் பார்த்துப் பைகளைச் சோதனை போட்டார்கள். மண்ணும் வியர்வையுமாகப் போய் நின்றார் தர்மலிங்கம். உமாராணி டீச்சரின் மேசைமேல் ரப்பர்பேண்ட் போட்டுக் கட்டிய இரண்டு பாக்கெட். வியர்த்து, மேசையில் தண்ணீர் கோத்துக் கிடந்தது.

அதில் ஒன்று யாருடையது என்று தர்மலிங்கத்துக்குத் தெரியாதா? முந்தின நாளே கையிருப்பு தீர்ந்துபோய், கையில் காசும் குறைவாக இருந்ததால், "ஒன்னாவது வாங்கிட்டு வந்துருய்யா, மறந்துடாத" என்று காலையில் சொல்லி அனுப்பியதே அவர்தான்.

சுவரோரம் யூனிபார்மோடு நின்றிருந்தான் திவாகரன். அப்பா உள்ளே வந்ததும் நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

"அண்ணே, உக்காருங்க" என்றார் டீச்சர். "கட்டொழுங்கு ஆசிரியர்கிட்ட ஒரு நாள் டைம் கேட்டிருக்கேன். போலீஸ் பாலாய்ல புகார்னு நான் போக விரும்பல. ஒன்னே ஒன்னு மட்டும் உண்மையச் சொல்லுங்க. வீட்டுல யாராச்சும் இத குடிக்கிறாங்களா? இருந்தா தப்பா நெனைக்க மாட்டேன், யாருகிட்டயும் சொல்லவும் மாட்டேன். வீட்டுல நின்னாத்தான் புள்ளகிட்ட நிக்கும். ரெண்டு பேரையும் சேத்து உக்கார வெச்சுப் பேசுவேன்."

ஐயோ, இதைவிட ஒரு மனுஷி எப்படிக் கேட்பாள்! கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே வா என்கிறாள். ஆமாம் டீச்சர், என்னுடையதுதான் என்று ஒரு வார்த்தை. அவருக்கு நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அந்தக் கைத்தட்டலும் கூடவே ஞாபகம் வந்தது. எழுந்தார், மகன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். தொப்பி மேசைக்கடியில் போய் விழுந்தது.

"எங்க வம்சத்தையே கேவலப்படுத்திட்டியேடா! எவன்டா குடுத்தான் இத உனக்கு?"

"அடிக்காதீங்கண்ணே!" என்று டீச்சர் நடுவில் வந்து நின்றார். பிறகு மறுபடியும் கேட்டார். "வீட்டுல யாரும் இல்லையே?"

"சத்தியமா இல்ல டீச்சர்."

டீச்சர் நம்பினார். கூட்டத்தில் எழுந்து பேசிய அப்பா ஆயிற்றே. "அப்படின்னா வெளிய கூட்டாளிங்கதான் காரணம். வெளிய விடாதீங்க, வீட்டுலயே வெச்சுப் பாத்துக்குங்க" என்றார். ஐஸ்பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம் என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? கேடட் தொப்பியையும் பட்டையையும் பள்ளிக்கூடத்தில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வியாழக்கிழமை தோறும் ஆலோசனைக்கு அப்பாவும் மகனும் வர வேண்டும் என்றார்கள். அப்பா ஒரு வாரம்கூடப் போகவில்லை. வேலை என்று சொல்லி லோகேஸ்வரியை அனுப்பினார். அவளோ விடிய விடிய ஷிப்டு பார்த்துவிட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்தாள்.

வீட்டில் தர்மலிங்கம் என்ன செய்தார் தெரியுமா? போத்தலை ஐஸ்பெட்டியின் மேல்தட்டிலிருந்து எடுத்து, கீழே காய்கறித் தட்டுக்குப் பின்னால் வைத்தார். அவ்வளவுதான். வாங்குவதற்கு ஹெல்மெட்டைக் கழற்றாமல் அவரே மோட்டோவில் போய் வந்தார். திவாகரன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவோடு பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பிறகு நிறுத்தியேவிட்டான். படிவம் ஐந்தில் பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. கெத்தும் போதாமல் இருமல் மருந்து, அதுவும் போதாமல் வேறு எதுவெதுவோ. பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பீடோங் பஸ் ஸ்டாண்டில் பட்டப்பகலில் வலிப்பு வந்து விழுந்தான். யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டதில்தான் லோகேஸ்வரிக்குக் கசாயம் என்றால் என்ன என்று முழுதாகப் புரிந்தது. புருஷனைத் திட்டுவாள் என்று பார்த்தால் திட்டவில்லை. "நீங்க சொன்னா சரியா இருக்கும்னு நம்பிட்டேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் போத்தலைச் சாக்கடையில் கொட்டினார் தர்மலிங்கம். பத்து நாள் உடம்பு நடுங்கி, குளிரடித்து, தூக்கமில்லாமல் கிடந்தார். கசாயத்தை விட்டதற்கா இந்தப் பாடு? போதை என்ற வார்த்தையை அப்போதுதான் தனக்கென்று வாய்விட்டுச் சொன்னார்.

எழுந்து நடக்க முடிந்ததும் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். அதே அறை, அதே மேசை. "டீச்சர், அந்த ரெண்டு பாக்கெட்டுல ஒன்னு என்னோடது. நாந்தான் அவன அனுப்புனேன். ரெண்டு வருஷமா அனுப்புனேன்."

உமாராணி டீச்சர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு, "அவன் என்கிட்ட பத்து தடவைக்கு மேல வந்து உக்காந்திருக்கான். ஒரு தடவைகூட உங்களக் காட்டிக்குடுக்கலண்ணே" என்றார். "நானும் ஒரு நாள் உங்க வீட்டுக்கு வந்து பாத்திருக்கணும். நீங்க பேசுனதக் கேட்டு, தேவையில்லன்னு விட்டுட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்கிட்ட சொல்லி என்னாண்ணே? அவன்கிட்டப் போயி சொல்லுங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து மகனை அனுப்பிய மறுவாழ்வு மையத்தில் போன மாதம் பார்க்க அனுமதி கிடைத்தது. பிளாஸ்டிக் மேசைக்கு அந்தப் பக்கம் திவாகரன். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். மையத்துக் காரிடாரில் வரிசையாக நிற்கச் சொன்னால் இவன் மட்டும் கேடட் பழக்கத்தில் குதிகாலைச் சேர்த்து விறைத்து நிற்கிறானாம். அங்கே வேலை செய்கிறவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். போலீஸ் வேலைக்கு இனி அவனை யார் எடுப்பார்கள்?

"தம்பி, நான் டீச்சர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்யா. தப்பு பூரா என்னோடதுதான்" என்றார் தர்மலிங்கம். மேசையில் கவிழ்ந்து அழுதார்.

அவர் அழுது முடிக்கும் வரைக்கும் பையன் காத்திருந்தான். "அன்னைக்கு உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன்பா" என்றான் பிறகு. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்."

நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்தார்கள். திவாகரன் எழுந்தான். இரண்டடி நடந்தவன் நின்று, திரும்பிப் பார்த்துக் கேட்டான்.

"இப்ப இடுப்பு வலி எப்படிப்பா இருக்கு?"