பிரேக் மாஸ்டர் கார் வாங்கினார்

ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் பிரேக் மாஸ்டரிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் வேறு இடத்தில் கற்றுக்கொண்டு, சாலையில் எதிரே வந்து திட்டு வாங்கியவர்கள். மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஸ்கூல் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. ஒரு மேசை, நாலு நாற்காலி, நாற்சந்தி வரைந்த ஒரு பலகை, அதன் மேல் நகர்த்திக் காட்டச் சில பொம்மைக் கார்கள். அதில் ஒன்றுக்குச் சக்கரம் இல்லை. தப்புச் செய்கிற கார் எப்போதும் அதுதான். கீழே தெருவோரம் நிற்கிற நிஜக் காருக்கு நாலு சக்கரமும் இருக்கின்றன. அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்காமல் இருப்பது மரியாதை.

அந்தக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் மாஸ்டருக்குத் தனியாக ஒரு பிரேக். பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது. எங்கேயோ ஒரு பூனை சாலையைக் கடக்கலாமா என்று யோசித்தால் போதும், மாஸ்டரின் கால் இறங்கிவிடும்.

"நான் பாத்துட்டேன் சார்!" என்று மாணவர் கெஞ்சுவார்.

"நீ பாத்தா ஆச்சா? பூனை உன்னைப் பாக்க வேணாமா?" என்பார் மாஸ்டர்.

இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் பக்கத்து சீட்டிலேயே ஓட்டிவிட்ட மனுஷனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தது என்றால் நம்புவீர்களா? வந்தது. சுத்தமான வயிற்றெரிச்சலில் வந்தது. லைசன்ஸில் மை கூடக் காயாத பையன் ஒருவன், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னபோது கண்ணில் தண்ணீர் விட்டவன், தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கும் ஒரு சிவப்புக் காரில் மாஸ்டரை விர்ரென்று தாண்டிப் போனான். போனவன் சும்மா போகக்கூடாதா? கையை ஆட்டிவிட்டுப் போனான். மாஸ்டருக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. தனக்கும் அப்படி ஒன்று வேண்டும், பக்கத்தில் ஒருத்தனும் உட்கார்ந்து கற்றுக்கொள்ளக் கூடாது, வாழ்க்கையில் ஒரு தடவையாவது தானே ஆசைதீர ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். அதைத் தவிர மனதில் வேறொன்றும் இல்லை.

மனைவியிடம் சொன்னார். அவள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருப்பவள். உள்ளே யார் எப்படிக் கத்தினாலும் முகம் மாறாமல் "அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிட்டுப் பழகியவள். இதற்கும் முகம் மாறவில்லை.

"புதுசா?"

"பழசுதான். வாங்கி உன் தம்பிகிட்ட விட்டு ஆல்டர் பண்ணிக்கலாம். அகலமா டயர், சைலன்சரை மாத்தி நல்லா உறுமுற மாதிரி ஒரு சத்தம், பின்னாடி ஒரு ரெக்கை..."

"ரெக்கை எதுக்கு?"

"வேகமா போறப்ப வண்டி தரையை விட்டுக் கிளம்பாம இருக்க."

"நீங்க போற வேகத்துக்கு அது தரையை விட்டு எங்க போயிடப் போகுது?" என்றாள். பிறகு, "ரெண்டே சீட்டுதானாமே. எங்கம்மா வந்தா எங்க உட்காருவாங்க?"

பதில் மாஸ்டரின் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. அவள் தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே மேசையில் வைத்தாள்.

மைத்துனன் கார் பட்டறை வைத்திருப்பவன். பழைய கார்களுக்கு மூக்கை மாற்றி, முதுகை மாற்றி அனுப்புவதில் கில்லாடி. அவனைக் கூட்டிக்கொண்டு மாஸ்டர் கார் பார்க்கக் கிளம்பினார். மைத்துனன் காருக்கு அடியில் படுத்துப் பார்ப்பான். மாஸ்டர் காரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், காரை விற்கிறவரின் காலைப் பார்ப்பார். அவருக்கு முகம் மறந்துபோகும், கால் மறக்காது.

முதல் கார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருடையது. கறுப்பு நிறம், பளபளவென்று நின்றது. மாஸ்டர் அவருடைய இடது காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு மைத்துனனைத் தனியே இழுத்தார்.

"இது வேணாம். இவன் நம்ம ஆளு. கிளட்ச் மேல காலை வெச்சான்னா எடுக்கவே மாட்டான். ஏதோ முக்காலி போட்டுக் கொடுத்த மாதிரி."

மைத்துனன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். "கிளட்ச் காலி, மாமா."

"சொன்னேனா இல்லையா!" மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாவது, ஜிம் நடத்துகிறவரின் மஞ்சள் கார். "கியரைப் போடச் சொன்னா பிடுங்கப் பாப்பான்" என்றார் மாஸ்டர். கியர் பெட்டி கரகரவென்று அரைத்தது. மூன்றாவது, பாட்டு டீச்சருடைய வெள்ளைக் கார். பக்கக் கண்ணாடியைத் தலை சரிசெய்ய மட்டும் பார்ப்பவர் அந்த அம்மா. காரின் ஒரு பக்கம் முழுக்க உரசி, தட்டி, மறுபடி பெயின்ட் அடித்திருந்தது. மூன்று கார்களின் குறையையும் மாஸ்டர் தொடாமலே சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது தன் திறமையைத் தானே மெச்சிக்கொண்டு வந்தார்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? கோவப்படக் கூடாது" என்றான் மைத்துனன்.

"கேளு."

"இவங்க எல்லாருக்கும் கத்துக்கொடுத்தது யாரு?"

வீடு வரும்வரை மாஸ்டர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

நாலாவது காரைப் பார்க்கப் போனபோது விடுமுறை நாள் என்பதால் மனைவியும் கூட வந்தாள். கருநீலத்தில் சின்னக் கார். மைத்துனன் அடியில் புகுந்தான், மேலே பார்த்தான், ஓட்டிப் பார்த்தான். இறங்கும்போது அவன் குரலே மாறியிருந்தது. "மாமா, இதை விட்டா வேற கிடைக்காது. ஓட்டினவங்க தங்கமா வெச்சிருக்காங்க."

விற்கிற பெண் இடுப்பில் குழந்தையோடு வாசலில் நின்றாள். குழந்தைக்கான சீட் இந்தக் காரில் எந்தப் பக்கமும் நுழையவில்லையாம், அதனால் விற்கிறாளாம். "என்னைத் தெரியலையா சார்?" என்றாள்.

மாஸ்டர் வழக்கம்போல் காலைப் பார்த்தார். மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கச் சொன்னால் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போன கால்கள் அவை. "உன் காலு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேச மாட்டேங்குதும்மா, நீ நடந்து போ, உடம்புக்கு நல்லது" என்று பாதியில் அனுப்பிவைத்த பெண்.

"இப்ப... என்னம்மா பண்றே?"

"தீயணைப்பு வண்டி ஓட்டுறேன் சார்."

மைத்துனனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. காருக்குப் பின்னால் போய் இருமினான்.

"கார் உங்களுக்குத்தானே சார்? ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க. கண்ட கையில கொடுக்க மனசு வரலை" என்றாள் அவள். குழந்தையை மாஸ்டரின் மனைவி வாங்கிக்கொண்டாள்.

"நானா? ஓட்டிக் காட்டணுமா?" மாஸ்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து கம்பீரமாக உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுக்கொண்டார். எதிரே ஸ்டியரிங் இல்லை. உட்கார்ந்திருந்தது பக்கத்து சீட்டில்.

"அந்தப் பக்கம் சார்" என்றாள் அவள், மரியாதையாக. அவர் மாறி உட்கார்ந்ததும் அவள் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள்.

அதற்கப்புறம் நடந்ததை ஏன் கேட்கிறீர்கள்! கிளப்பினார், அணைந்தது. மறுபடி கிளப்பினார், தவளை மாதிரி ஒரு தாவல் தாவி அணைந்தது. ஒருவழியாகத் தெருவுக்கு வந்தால், தூரத்தில் யாரோ குடையை விரித்ததற்கு ஒரு பிரேக், மூடியதற்கு ஒரு பிரேக். வாய் மட்டும் ஓயாமல் "கிளட்ச்... கிளட்ச்... பாத்து..." என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தது, கேட்பதற்குத்தான் கால் தயாராக இல்லை. மணியடித்துக்கொண்டே ஒரு சைக்கிள் அவர்களைத் தாண்டிப் போயிற்று. திரும்பி வந்து நின்றபோது மாஸ்டரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"தப்பா நினைக்காதீங்க சார். தர முடியாது" என்றாள் அவள்.

மனைவியும் மைத்துனனும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டார்.

"எனக்கு ஓட்டத் தெரியலம்மா. இத்தனை வருஷமா நான் நிறுத்த மட்டும்தான் பழகியிருக்கேன்" என்றார்.

அவள் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டாள்.

"எங்கம்மா போறே?"

"நான் இப்படித்தான் சார் கத்துக்கிட்டேன். எங்க சித்தப்பா கிடங்கு மைதானத்துல அவரோட வேனை நிறுத்தி, சாவியைக் கையில கொடுத்துட்டு, போய் ஓரமா உட்கார்ந்துட்டார். பக்கத்துல ஆள் இருந்தா உங்க காலு பிரேக்குக்குத்தான் போகும். போயிட்டு வாங்க."

"தனியாவா?"

"தனியாத்தான்."

மாஸ்டர் பக்கத்து சீட்டைப் பார்த்தார். காலியாக இருந்தது. காரில் உட்கார்ந்து ஒரு காலி சீட்டைப் பார்ப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. கிளப்பினார். அணையவில்லை. தெரு முனை வரை முதல் கியரிலேயே போனார். அப்புறம் இரண்டு. பெரிய சாலையில் மூன்று. கிடங்குகளைத் தாண்டி ஆள் நடமாட்டம் இல்லாத நேர்ச்சாலை வந்ததும், என்ன ஆனாலும் சரியென்று காலை அழுத்தினார். முதுகை யாரோ பின்னால் இழுத்ததுபோல் இருந்தது. "அடேயப்பா!" என்று கத்தினார். யாரும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் இன்னொரு தடவை, இன்னும் பலமாகக் கத்தினார்.

அவர் திரும்பி வந்தபோது மைத்துனன் தெருமுனை வரை தேடிக்கொண்டு போயிருந்தான். அந்தப் பெண் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தாள், பேசாமல் உள்ளே போய் இன்னொரு சாவியையும் எடுத்து வந்து கொடுத்தாள்.

கார் பட்டறைக்குப் போயிற்று. அகல டயர் வந்தது, சைலன்சர் மாறியது. ரெக்கை வேண்டவே வேண்டாம் என்று மனைவி நின்றுவிட்டாள், துணி காயப்போடத்தான் ஆகும் என்றாள். புதுச் சத்தத்தில் ஜெராக்ஸ் கடைக்காரரின் காகிதங்கள் மேசையிலேயே இடம் மாறின. மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. பொழுது விடிந்தால் ஒரு சுற்று, தனியாக.

தனியாக என்பதில்தான் வினை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்த மறு நிமிடம் அவர் கால் பழைய வேலையைக் காட்டிவிடும். ஒருநாள் மனைவியை ஆஸ்பத்திரியில் விடக் கூட்டிப் போனார். விக்கல் எடுத்தவன் தண்ணீர் குடிக்கிற மாதிரி அப்படி ஒரு பயணம். பாதி வழியில் அவள் இறங்கி பஸ் பிடித்துப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வந்ததும் கையை நீட்டினாள். "சாவியைக் கொடுங்க."

அவளுக்கு லைசன்ஸ் இருக்கிறது என்பதை ஊரே மறந்துவிட்டது, மாஸ்டரும் மறந்திருந்தார். அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவள்தான் அவள். அவளிடம் திட்ட ஒன்றுமே கிடைக்காமல்தான் அவர் கல்யாணப் பேச்சை எடுத்தார். கல்யாணத்துக்கு அப்புறம் அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபோதெல்லாம், பக்கத்தில் இவர் பிரேக்கை மிதித்தார். கொஞ்ச நாளில் அவள் சண்டை போடாமல் பஸ் பாஸ் வாங்கிக்கொண்டாள்.

மாஸ்டர் சாவியைக் கொடுத்தார். ஓடிப்போய்ப் பக்கத்து சீட்டில் ஏறினார். இந்தக் காரில் அந்தப் பக்கம் பிரேக் இல்லை என்பது ஞாபகம் வந்து, கதவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"இறங்குங்க" என்றாள்.

"நான் சும்மாதான் உட்கார்ந்திருப்பேன். வாயே திறக்க மாட்டேன்."

"உங்க மூச்சே திட்டுற மாதிரி இருக்கு. இறங்குங்க."

இறங்கினார். அவள் கண்ணாடியைச் சரிசெய்தாள், இரண்டு பக்கமும் பார்த்தாள், அலுங்காமல் கிளம்பினாள். மாஸ்டர் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டார். முதல் கியர். இரண்டு. மூன்று. எங்கே கிளட்ச் விட்டாள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை, பிசிறில்லாமல் சத்தம் ஏறிக்கொண்டே போய்ப் பெரிய சாலைப் பக்கம் கரைந்தது. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. இத்தனை வருஷமும் இவளை பஸ்ஸில் அனுப்பினோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

தெருவிளக்கு எரிந்த பிறகுதான் வந்தாள். தலைமுடி கலைந்து, கன்னம் சிவந்து, பல் ஆஸ்பத்திரியில் யாரும் பார்த்திராத ஒரு முகத்தோடு இறங்கினாள். மாஸ்டர் கையை நீட்டினார். அவள் சாவியைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"வண்டியில ஏதாவது குறை இருந்துதா?" என்று கேட்டார், வேறென்ன கேட்பதென்று தெரியாமல்.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள். "தம்பிகிட்ட சொல்லி அந்தச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்க."