காருக்குத் திருநீறு பூசிய கதை

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆவணி மாதத்தில் பாளையங்கோட்டையில் நடந்தது இது. என் கணவர் இறந்து ஒரு வருடம் கழிந்திருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காலையில் பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்துவேன். மாலையில் வந்து கதவைத் திறந்தால் மறுநாள் காலை வரை என் குரலை நானே கேட்க மாட்டேன். அவர் விட்டுப் போனவற்றில் கொஞ்சமாவது சத்தம் போடுவது அவருடைய கருநீலக் கார் ஒன்றுதான். பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எடுத்துக்கொண்டு ஆற்றுப்பாலம் வரை போய்த் திரும்புவேன். ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

கல்யாணம் காட்சி என்றால் யாரும் என்னை மனதார அழைப்பதில்லை. பத்திரிகை கொடுப்பார்கள், ‘வாங்க’ என்ற சொல்லை மட்டும் மென்று விழுங்குவார்கள். நானும் போவதில்லை. அப்படி இருக்கையில் எதிர்வீட்டு அக்கா ஒருநாள் வீடு தேடி வந்தார்.

“வெள்ளிக்கிழமை மவளுக்குக் கல்யாணம். பொண்ணை மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போவணும். கார் வருமா டீச்சர்?”

வரும் என்றேன். நான் போகாவிட்டால் என்ன, என் வீட்டுக் காராவது ஒரு நல்ல காரியத்துக்குப் போகட்டுமே என்று அவ்வளவு சந்தோஷம்.

என் கணவர் இருந்தவரை மாதம் தவறாமல் காருக்கு மெழுகு பாலிஷ் போடுவார். பம்பர், கதவோரப் பட்டி என்று கறுப்பு பிளாஸ்டிக் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் முதலில் காகிதம் ஒட்டி மூடிவிடுவார். நான் காபியோடு வந்து நின்று, “ஆரம்பிச்சாச்சா அலங்காரம்” என்று கேலி செய்திருக்கிறேனே தவிர, எதற்குக் காகிதம் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் லீவு போட்டுவிட்டு நானே பாலிஷ் டப்பாவைத் திறந்தேன். அவருடைய பழைய பனியனில் தொட்டு வட்டம் வட்டமாகப் பூசி, காய்ந்து வெளுத்ததும் துடைத்தேன். கருநீலத்தில் என் முகம் தெரிந்தது. அந்த உற்சாகத்தில் கை நிற்கவில்லை. பம்பர் மட்டும் என்ன பாவம் செய்தது என்று அதற்கும் தாராளமாகப் பூசினேன். ஆவணி வெயிலைக் கேட்க வேண்டுமா? சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் மெழுகு இறங்கி, வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து பிடித்துக்கொண்டது. துடைத்தால் போகவில்லை. சோப்புத் தண்ணீருக்கும் அசையவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுப் பார்த்தேன், நாற்றம்தான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா வந்தார். “என்ன டீச்சர், காருக்குத் துன்னூறுல பட்டை போட்டிருக்கிய” என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. என் கணவர் போன நாளிலிருந்து என் நெற்றியில் குங்குமம் கிடையாது, வெறும் திருநீறுதான். அக்கா வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

கல்யாணக் கார் என்னைப் போலவே நிற்கிறதே என்று நினைத்திருப்பார், வேறு வண்டி பார்க்கத்தான் போகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். காகிதம் எதற்கு என்பதும் அப்போதுதான் புரிந்தது. புரிந்துவிட்டது என்று சொல்லக்கூட அந்த மனுஷர் இல்லையே என்று பம்பர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்தபின் பள்ளிக்கூடப் பை ஞாபகம் வந்தது. வகுப்பில் விளையாடும் பிள்ளைகளிடம் பிடுங்கி வைத்த அழிரப்பர்கள் அதில் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பம்பரில் அழுத்தித் தேய்த்தேன். நக அகலத்துக்குக் கறுப்பு தெரிந்தது. விளக்கு வைக்கும் நேரம் வரை தேய்த்துக்கொண்டே இருந்தேன். எதிர்வீட்டில் வாழைமரம் கட்டினார்கள், ரேடியோ செட் பாடியது, ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் துணியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்ததும் பம்பர் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. அழகாகத்தான் இருந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

மறுநாள் காலையில் யாராவது வந்தால் கொடுக்கலாம் என்று சாவியோடு உட்கார்ந்திருந்தேன். மேளச் சத்தம் கேட்டது. யாரும் வரவில்லை. கிளம்பிவிட்டார்கள் போல என்று சாவியை ஆணியில் மாட்டப் போனேன். அப்போது அக்கா பட்டுச்சேலையும் பூச்சரமுமாக வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

“என்ன டீச்சர், இன்னும் சீலை மாத்தாம நிக்கிய. நேரமாவுதுல்லா.”

நான் சாவியை நீட்டினேன். “யாரு ஓட்டப் போறாங்கக்கா?”

அக்கா என்னை ஒருமாதிரி பார்த்தார். “எங்க வீட்டுல யாருக்கு ஓட்டத் தெரியும்? கார் வருமான்னு உங்க கிட்ட கேட்டேம்லா. கார் தன்னால வருமா, நீங்க வந்தாத்தான வரும்.”

தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று இழுத்தேன். “சொல்லுதவிய ஆளுக்கொரு காரு கொண்டாரட்டும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நேத்து வாய்த்துடுக்குல ஒண்ணு சொல்லிட்டேன். பொறவு உங்க மொகத்துல முழிக்க வெக்கமா இருந்துச்சு. அதான் இந்தப் பக்கமே வரல” என்றார்.

மண்டபம் ஆற்றுக்கு அந்தக் கரையில், ஜங்ஷன் பக்கம். கல்யாணப் பெண் பின் சீட்டில் உட்கார்ந்து, “பைய போங்க டீச்சர், தலையில வச்ச பூவெல்லாம் கலைஞ்சிரும்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆற்றுப்பாலத்தில் நான் திரும்பாமல் மேலே போனது அந்த ஒரு வருடத்தில் அன்றைக்குத்தான்.

மண்டபத்து வாசலில் எல்லோரும் பெண்ணை இறக்கப் பின்கதவுக்கு ஓடினார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். கூட்டம் உள்ளே போன பிறகும் அக்கா போகவில்லை. காரைச் சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, நான் இறங்கும் வரை நின்றார்.

இன்றைக்கும் வீடு திரும்பிக் கதவைத் திறந்தால் அதே அமைதிதான். ஆனால் ஊர் சாத்திய கதவுகளோடு, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் நானே உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவையும் இருந்தன என்பதை நினைக்கும்போது, அந்த ஒரு வருடத்துக்காக என் மேலேயே எனக்குப் பாவமாக இருக்கிறது.