பத்துக்கு ஒன்பது

அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சி வண்டியில் கற்றுக்கொள்பவரின் காலடியில் ஒரு பிரேக் இருப்பதுபோல அவர் காலடியிலும் ஒன்று உண்டு. அதை மிதிக்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்குத்தான் தனக்குச் சம்பளம் என்பார்.

அவர் மடியில் எப்போதும் ஓர் அட்டை இருக்கும். கண்ணாடி பார்ப்பது, மேட்டில் நிறுத்தி எடுப்பது, பின்பக்கமாக ஒதுக்கி நிறுத்துவது என்று அதில் வரிசையாகக் கட்டங்கள். ஒரு வேலையை மூன்று தடவை சரியாகச் செய்வதைத் தன் கண்ணால் பார்த்தால் ஒழிய அந்தக் கட்டத்தில் டிக் போடமாட்டார். எல்லாக் கட்டமும் நிறையாமல் யாரையும் தேர்வுக்கு அனுப்பவும் மாட்டார். எங்கள் அண்ணன் வண்டியில் நேற்று அருமையாகச் செய்தேன் மாஸ்டர் என்று கெஞ்சுபவர்கள் உண்டு. உங்கள் அண்ணன் பார்த்தார், நான் பார்க்கவில்லையே என்பார். கறாரான மனிதர். நல்லவர் என்று சொல்வதற்கு இன்னும் கொஞ்சம் பழகிப் பார்க்க வேண்டியிருந்தது.

அவர் பணம் போட்டிருந்த வங்கியில் கணக்குகள் மூன்று வகை. சாதாரணக் கணக்குக்குக் கட்டணம் கிடையாது. வெள்ளிக் கணக்குக்கும் தங்கக் கணக்குக்கும் மாதாமாதம் கட்டணம் உண்டு. பதிலுக்கு ஒரு மூட்டைச் சலுகைகள் தருவார்கள்: கைபேசி உடைந்தால் காப்பீடு, விமான நிலையத்தில் சாய்ந்துகொள்ள ஓர் அறை, சினிமா டிக்கெட்டில் தள்ளுபடி, வண்டி நடுவழியில் நின்றால் ஆள் வந்து எடுத்துவிடும் உதவி.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு நாள், நீண்ட வரிசையில் கால் கடுக்க நின்றவரை வங்கிப் பெண் ஒருத்தி கண்ணாடி அறைக்குள் அழைத்துப்போய் உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். உங்கள் தொழிலில் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள் சார் என்று கேட்டாள். அவருடைய தொழிலில் என்ன சங்கடம் என்று அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்காகவே தங்கக் கணக்குத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார் என்று அவர் மனைவி பிற்பாடு சொன்னாள். அதில் தவறில்லை.

பத்து நாளில் தபாலில் ஒரு தடித்த கையேடு வந்தது. மேலே கண்ணாடித்தாள் உறை. அதை அப்படியே வண்டியின் டாஷ்போர்டு அறைக்குள் வைத்தார். ஆறு வருடமாக உறையும் பிரியவில்லை, வண்டியும் நிற்கவில்லை. வாரம் தவறாமல் அவரே எண்ணெய், தண்ணீர், டயர் பார்க்கிற வண்டி எப்படி நிற்கும்?

"அந்த உறையையாவது பிரிச்சுப் பாருங்களேன்" என்பாள் மனைவி.

"தேவைப்படும்போது பிரிச்சாப் போதாதா?"

"போதும் போதும். வண்டி நின்னதுக்கப்புறம் ரோட்டோரமா உக்காந்து படிங்க. பொழுதும் போகும்."

வருடத்துக்கு ஒருமுறை வங்கியிலிருந்து தொலைபேசி வரும். தங்கக் கணக்கைப் பற்றி உங்கள் கருத்து என்ன, ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்பார்கள். அந்த அழைப்பு வந்தால் மாஸ்டர் பயிற்சியை நிறுத்திவிட்டு வண்டியைவிட்டு இறங்கி நிற்பார். தொண்டையைச் செருமிக்கொள்வார். ஒவ்வொரு வருடமும் ஒன்பது கொடுத்தார். பத்து கொடுத்தால் யோசிக்காமல் சொல்கிறான் என்று நினைப்பார்கள் அல்லவா?

ஆறாவது வருடம் அவரைப் படம் எடுக்கலாமா என்று கேட்டார்கள். எடுத்தார்கள். வங்கி வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பதாகை வந்தது. அதில் மாஸ்டர் வண்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். பக்கத்தில் பெரிய எழுத்தில், "நடுவழியில் நின்றாலும் எனக்குத் துணை இருக்கிறது" என்று இருந்தது. அவர் சொன்னதுதான். யாரும் இட்டுக்கட்டவில்லை.

அந்தப் பதாகையின் கீழ் வைத்துத்தான் பள்ளிக்கூடச் சமையல்காரம்மா அவரைப் பிடித்தாள். ஐம்பத்தொரு வயதில் அவரிடம் கார் ஓட்டக் கற்றவள். இரண்டு முறை தேர்வில் தோற்று மூன்றாம் முறை தேறியவள். ஒரு பழைய வண்டி வாங்கியிருந்தாள். அவரிடம் கற்றவர்கள் தெருவில் பயிற்சி வண்டியைக் கண்டால் இரண்டு முறை ஹாரன் அடிப்பது வழக்கம். இவள் மட்டும் மூன்று முறை அடிப்பாள்.

"மாஸ்டர், இந்தத் தங்கக் கணக்கு எடுக்கலாமா? மாசாமாசம் பிடிப்பாங்களாமே. பழைய வண்டி, எப்ப மக்கர் பண்ணும்னு தெரியல. அதான் யோசிக்கறேன்."

"கண்ண மூடிட்டு எடுங்க" என்றார் மாஸ்டர்.

கண்ணை மூடு என்று வாழ்நாளில் யாருக்கும் சொல்லாத வாய் அது.

நான்கு மாதம் கழித்து, தாதிப் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வுக்கு மகளை அழைத்துப் போகும் வழியில், ஊருக்கு வெளியே பெரிய சாலையில், சமையல்காரம்மாவின் வண்டி நின்றுவிட்டது. பதறவில்லை. தங்கக் கணக்கு இருக்கிறதே. வங்கி அட்டையின் பின்னால் இருந்த எண்ணுக்கு அழைத்தாள். உங்கள் வண்டி எண் எங்களிடம் பதிவாகவில்லையே அம்மா என்றது அந்தப் பக்கக் குரல். கணக்கு எடுத்தால் மட்டும் போதாதாம். ஒவ்வொரு சலுகையையும் தனித்தனியாகப் பதிந்துகொள்ள வேண்டுமாம். அன்று பதிந்தால் அடுத்த வாரத்திலிருந்துதான் ஆள் வருமாம். தாயும் மகளும் இரண்டு மணி நேரம் சாலையோரம் நின்று, யாரோ ஒரு லாரிக்காரர் புண்ணியத்தில் தேர்வு நடந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து மேசை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த தேர்வு ஒரு வருடம் கழித்து.

மூன்றாம் நாள் அவள் மாஸ்டர் வீட்டுக்கு வந்தாள். அவர் வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். சண்டைக்கு வந்தவள்போலத் தெரியவில்லை.

"தப்பு எம்மேலதான் மாஸ்டர். கையேட்டுல போட்டிருக்காம், நான்தான் படிக்கல. உங்க வண்டி நம்பரைப் பதிஞ்சிருக்கீங்களா? இல்லன்னா உடனே பதிஞ்சுருங்க. அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

"நான் அப்பவே பதிஞ்சுட்டேன்" என்றார் மாஸ்டர்.

பிரேக்குக்குப் போகும் காலைவிட வேகமாக வந்தது அந்தப் பொய். அவர் கையிலிருந்த ஸ்பாஞ்சிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நல்லவேளை என்று சொல்லிவிட்டு அவள் போனாள். உண்மையிலேயே நிம்மதியாகத்தான் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கை ஈரம்கூடத் துடைக்காமல் டாஷ்போர்டைத் திறந்து கையேட்டின் உறையைக் கிழித்தார். பதினான்காம் பக்கத்தில் சாலை உதவியின் விதிகள் இருந்தன. நான்காவது விதி: பயிற்சிக்காக இரண்டாவது பிரேக் பொருத்திய வண்டிகளுக்கு இந்த உதவி கிடையாது. பதிந்திருந்தாலும் கிடையாது. ஆறு வருடத்தில் எந்த நாள் அவர் வண்டி நின்றிருந்தாலும் யாரும் வந்திருக்கமாட்டார்கள்.

தோளுக்கு மேலாக எட்டிப் படித்த மனைவிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அந்தம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுங்கள் என்றாள். சொல்கிறேன் என்றார்.

சொல்லவில்லை. பள்ளிக்கூடத் தெரு வழியாகப் பயிற்சி நடத்துவதை விட்டார். அதற்குப் பதிலாகச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் குறுகலான தெருவில் மாணவர்களை ஓட்டச் சொல்லி, அவர்கள் சுவரில் உரசும்போது எரிந்து விழுந்தார். எங்காவது மூன்று முறை ஹாரன் கேட்டால் தலையைக் குனிந்து மடியிலிருக்கும் அட்டையைப் பார்த்தார். டிக் போடக் கை வரவில்லை. கண்ணால் பார்க்காததை ஒப்புக்கொள்ளாத மனிதன் என்று தன்னைப் பற்றி இருபத்தைந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கறார் அடுத்தவர் வேலையை அளக்க மட்டும்தானா? விடை தெரிந்த கேள்விதான். அதனால்தான் அது அவரை விடவில்லை.

ஒரு மாதம் கழித்து வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. கட்டணக் கணக்குகளைப் பற்றி வாடிக்கையாளர் கருத்துக் கேட்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார், நீங்கள் அவசியம் வர வேண்டும் என்றார்கள். போகாமல் இருக்க நல்ல காரணம் ஒன்றும் அகப்படவில்லை. போனார்.

கண்ணாடி அறையில் வட்டமாக ஒன்பது நாற்காலிகள். தேநீர், பிஸ்கட். நேர் எதிரே சமையல்காரம்மா. அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அதிகாரியம்மா ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொண்டார். பல் மருத்துவரின் உதவியாளர் சினிமாத் தள்ளுபடிக்கு மட்டும் பத்து மதிப்பெண் தந்தாள். மற்றவை எதற்கென்றே தெரியாது என்றாள். ஓய்வுபெற்ற கப்பல் மெக்கானிக்குக்கு விமான நிலைய அறைமேல் கோபம். "நாப்பது வருஷம் தண்ணியிலயே போய்ட்டு வந்தவன் நான். எனக்கு எதுக்கும்மா ஏர்போர்ட்டுல சாஞ்சுக்க எடம்? துறைமுகத்துல ஒரு பெஞ்சு போடச் சொல்லுங்க" என்றார். கண்ணாடிக் கடைக்காரர் கைபேசிக் காப்பீட்டைப் புகழ்ந்தார். ஆனால் உடைந்த கைபேசியைத் திருப்பி வாங்க எத்தனை தாள் நிரப்பினார் என்று சொல்ல ஆரம்பித்தபோது புகழ்ச்சி வசையாக மாறிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

சமையல்காரம்மா தன் முறையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். பிறகு, "ஆனா சேவையைக் குத்தம் சொல்லல. சரியாப் பதிஞ்சு வச்சிருந்தா கெடச்சிருக்கும். இதோ மாஸ்டர் பதிஞ்சு வச்சிருக்காரு. ஆறு வருஷமா நிம்மதியா இருக்காரு. எனக்குத்தான் அந்த அக்கறை இல்ல. ஆறு மதிப்பெண் போட்டுக்கங்க" என்றாள்.

அதிகாரியம்மா மாஸ்டர் பக்கம் திரும்பினார். வாசலில் உங்களைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்று சிரித்தார். "உங்களுக்கு வழக்கம்போல ஒம்பதுதானே சார்?"

தலையை ஆட்டினால் போதும். எழுதிவிடுவார். மாஸ்டரின் கால் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை.

"நான் எந்தச் சலுகையையும் ஒரு நாள்கூட பயன்படுத்தினதில்ல" என்றார். "என் வண்டியைப் பதியல. பதிஞ்சாலும் ஆள் வராது. பயிற்சி வண்டிக்குக் கெடையாதுன்னு போட்டிருக்கு. புத்தகத்தைப் போன மாசம்தான் பிரிச்சேன். இந்தம்மா வந்து கேட்டப்ப பதிஞ்சுட்டேன்னு பொய் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. கப்பல் மெக்கானிக் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடியே மறந்துவிட்டார். அது உடைந்து உள்ளே விழுந்தது.

அதிகாரியம்மா தாளைப் பார்த்தார். "அப்ப என்ன மதிப்பெண் போடட்டும்?"

"பாக்காததுக்கு எப்படிம்மா மதிப்பெண்?"

"ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள ஏதாவது எழுதணும் சார். காலியா விட முடியாது."

என்ன எழுதினார் என்று மாஸ்டருக்குத் தெரியாது. அவர் சமையல்காரம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தபோது அவர் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். அவள் கையால் தடுத்தாள்.

"கணக்கை எடுக்கச் சொன்னீங்களே, அதுல எனக்கு வருத்தம் இல்ல. தெரியாமச் சொன்னீங்க. ஆனா உங்க வீட்டுலேருந்து போன அன்னைக்கு என் வீட்டுக்காரர் கேட்டாரு, மாஸ்டர் மட்டும் எப்படிச் சமாளிக்கறாருன்னு. அவர் ஒழுங்கா பதிஞ்சு வச்சிருக்காருங்கன்னேன். என் பொண்ணு பக்கத்துல நின்னு கேட்டுட்டிருந்தா. அம்மாவுக்குத்தான் பொறுப்பில்லன்னு இந்த ஒரு மாசமா நெனச்சிட்டிருக்கா."

சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். கண்ணாடி பார்த்து, விளக்குப் போட்டு, அவர் கற்றுக்கொடுத்தபடியே பிசகில்லாமல் திரும்பிப் போனாள். ஹாரன் அடிக்கவில்லை. அதன் பிறகும் அடிக்கவில்லை.

மாஸ்டர் மறுநாளே சாதாரணக் கணக்குக்கு மாறினார். பதாகையை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டார். அது தலைமை அலுவலகம் வைத்தது, புதியது வர மூன்று மாதம் ஆகும் என்றார் மேலாளர். ஆகவே வங்கிக்குப் போகும்போதெல்லாம் மாஸ்டர் நீண்ட வரிசையில் நிற்கிறார். வரிசை வாசல்வரை வருகிறது. வாசலில் அவரே சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

போன வாரம் பின்னால் நின்ற ஒரு பெண், கைக்குழந்தைக்காரி, பதாகையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது நீங்கதானே சார்?"

"நான்தான். ஆனா அதை நம்பாதீங்க. நான் பாக்காமச் சொன்னது."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

வரிசை ஓர் அடி நகர்ந்தது.

"கேட்டாங்க" என்றார். "என்கிட்ட கேட்டாங்களேன்னு இருந்துச்சு."