மச்சானுடன் நாளைக்கு நடை

இன்றைக்கு நான் பழிதீர்க்க ஆஸ்பத்திரியே வழி செய்து தந்தது.

மாரடைப்புக்குப் பிறகு நான் வீட்டு வாசல் படலையைத் தாண்டவில்லை. நெஞ்சு கொஞ்சம் படபடத்தாலே செத்துவிடுவேன் என்ற பயம். ஆஸ்பத்திரியில் மனப்பயத்துக்கு ஆலோசனை சொல்லும் உளவளத்துணை அறைக்குப் போய்த்தான் தேறினேன்.

அதை அறிந்த மாமாவின் மகன், சந்தித் தேத்தண்ணிக் கடையில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்:

"இவனுக்கு வருத்தம் நெஞ்சில இல்ல, மண்டையில. விசர்!"

கடையே சிரித்தது.

போன மாதம் அவனுக்கும் மாரடைப்பு. இன்றைக்கு அதே அறை வாசலில், கிளினிக் கொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு இருந்தான்.

"மச்சான், றோட்டுல இறங்கவே பயமாக்கிடக்கு. ஆருக்கும் சொல்லிப்போடாத."

"ஓம் மச்சான்" என்றேன்.

பயம் தெளிய, அங்கே தேறியவர்களைப் புது ஆட்களோடு றோட்டில் நடக்க விடுவார்கள். ஆலோசகர் மிஸ் கேட்கும் முன்னமே கையைத் தூக்கினேன்.

"மிஸ், இவரை நான் கூட்டிட்டு நடக்கிறன்."

பாதையையும் நானே தெரிவுசெய்தேன்.

நாளைக் காலை ஆறரைக்குப் புறப்படுகிறோம். பாதி வழியில் உட்கார்ந்து, மூச்சை இழுத்து விட்டுப் பத்துவரை எண்ண வேண்டும். சத்தமாக எண்ணச் சொல்வேன். அந்தத் தேத்தண்ணிக் கடை வாசலில் உட்கார நல்ல வாங்கு ஒன்று கிடக்கிறது.

தேத்தண்ணி குடிக்க யார் யார் வாறீங்க?