ஒடுக்கத்தில் நான் போட்ட தண்டவாளம்

வெள்ளிக்கிழமை, காலை 6.20. கோபன்ஹேகனின் புறநகரான இஷொய் நிலையத்தில் உள்ளூர் எஸ்-ரயிலுக்கு நின்றேன். கையில் ஒரு நீளப் பெட்டி, அதற்குள் விரலகலத் தண்டவாளங்கள். “ஐம்பத்தெட்டு வயதில் பொம்மை ரயிலோடு ஊர்வலம்” என்று மனைவி வாசலிலேயே நக்கலடித்திருந்தாள். அப்போது எனக்குக் கோபம். இப்போது யோசித்தால் அன்று வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

அமெரிக்காவில் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இரண்டு ரயில் கம்பனிகள் ஆளுக்கொரு கரையைப் பிடித்துக்கொண்டு போட்டிக்குப் பாதை போட்டனவாம். அதையே சின்னதாகச் செய்வதுதான் எங்கள் போட்டி. இடக்கரை இஷொய்க் கழகம், வலக்கரை ஹோர்சன்ஸ் கழகம். நடுவில் ஒடுக்கமான ஓரிடத்தில் பாறை விளிம்பு ஒரு பாதைக்கு மட்டுமே இடம் தரும். அங்கே முதலில் தண்டவாளம் பூட்டுகிறவர் வென்றார். நடுவர் கையில் விசிலும் உண்டு. சிரிக்க வேண்டாம், நாங்கள் உயிரைக் கொடுத்து விளையாடுவோம்.

கோபன்ஹேகனில் மாறினேன். ஹோர்சன்ஸுக்கு 239 குரோனர். கடற்பாலத்தில் ஏறும்போது பக்கத்து டேனிஷ்காரர் பெட்டியை எட்டிப் பார்த்து, தண்டவாளத்தை ரயிலில் கொண்டுபோகும் ஆளை இன்றுதான் காண்கிறேன் என்றார். எனக்குப் பெருமையாய் இருந்தது.

காலை 9.50. நிலைய வாசலில் வதனி காரோடு நின்றாள். என் சின்னம்மாவின் மகள். ஒரு பண்டகசாலையில் வேலை. ஹோர்சன்ஸ் கழகத்தில் ஒரே பெண், ஒரே தமிழ் ஆளும் அவள்தான். நாலு வருடமாகக் கோப்பி ஊற்றவும் பொம்மை மலையில் புல்லுப்பொடி தூவவும் மட்டுமே விட்டார்களாம். இந்த முறை ஒடுக்கத்தை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். “இதில வெண்டா வாற வருசப் பாதையை என்னை வரையச் சொல்லியிருக்கினம் அண்ணை” என்றாள். முகத்தில் அப்படியொரு சந்தோசம்.

வீட்டில் புட்டும் இறால் குழம்பும். மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன். பிறகு போட்டி மண்டபத்தைக் காட்டக் கூட்டிப்போனாள். பன்னிரண்டு மீற்றர் நீளப் பள்ளத்தாக்கு, அடியில் பிசின் ஆறு. பார்க்கும் ஆசையில் என் தண்டவாளத் துண்டை ஒடுக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. எங்கள் வரைபடம் பெருவிரலளவு பிழை! அவளோ ஒரு கடதாசி அச்சை எடுத்து விளிம்பில் விரித்தாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை குந்தியிருந்து அளந்து வெட்டியதாம்.

பிற்பகல் 2.30. அவளுக்கு வேலை நேரம். பூட்டிவிட்டு வாங்கோ என்று திறப்பை என்னிடம் தந்து போனாள். அச்சு மேசையில் கிடந்தது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை நான். பென்சிலை எடுத்து ஒரு நெளிவும் விடாமல் பிரதி எடுத்தேன். பின்னேரம் அவள் வீட்டு விறாந்தையிலேயே என் தண்டவாளத்தை அதற்கேற்ப வளைத்தேன். வளைத்து முடித்ததும் மிச்சப் புட்டையும் சாப்பிட்டேன். அதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை, காலை 10.00. எங்கள் ஆட்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். நடுவர் விசில் ஊதினார். 11.40க்கு நான் ஒடுக்கத்தில் கடைசி ஆணியை அடித்தேன். மூன்று நிமிடம் கழித்து வதனி தன் துண்டோடு வந்தாள். என் தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தவள் அதன் நெளிவில் விரலை ஓட்டினாள். ஏதும் முறைப்பாடு உண்டா என்று நடுவர் கேட்டார். இல்லை என்றாள். அவர்களுடைய தலைவர் அவள் தோளில் தட்டி, வருகிற வருடம் வேறு யாராவது வரையட்டும் என்று டேனிஷில் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். எங்கள் ஆட்கள் என்னைத் தூக்காத குறை.

பிற்பகல் 3.10. வதனிதான் காரில் நிலையத்துக்குக் கூட்டிவந்தாள். ரயில் வர நான்கு நிமிடம் இருக்கும்போது சொன்னாள்.

“அந்த நெளிவு தேவையில்லை அண்ணை. நான் அளக்கேக்க அதில ஒரு பிளாஸ்டர் கட்டி இருந்தது, அதைச் சுத்தி வெட்டினன். பிறகு கட்டியைச் செதுக்கி எடுத்தாச்சு. இண்டைக்கு நான் கொண்டு வந்தது நேர்த் துண்டு.”

ஏன் நடுவரிடம் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

“என்னெண்டு சொல்லுறது? களவெடுத்தது என்ர அண்ணையெண்டோ?”

மன்னிப்புக் கேட்க நான்கு நிமிடம் தாராளம். நான் கேட்கவில்லை. ரயில் வந்தது, ஏறிவிட்டேன். வைலே, ஒடென்ஸே, ரிங்ஸ்டெட் எல்லாம் யன்னலில் போயின, ஒன்றையும் பார்த்ததாக ஞாபகமில்லை. ஹோர்சன்ஸ் எப்படிப்பட்ட ஊர் என்று யாரும் கேட்டால் அதன் நிலைய மேடையைத் தவிர எனக்கு எதுவும் சொல்லத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை இஷொயில் எங்கள் கழகம் கூடியது. வென்ற துண்டைப் பலகையில் பூட்டி ஒரு ரயிலை ஓட விட்டார்கள். நடுவில் அது காரணமில்லாமல் ஒருமுறை சரிந்து நிமிர்ந்தது. இந்த நெளிவு எதற்கு என்று ஒருவர் கேட்டார்.

அங்கே ஒரு பாறை இருந்தது என்றேன்.