தாடிக்காரர்களுக்கு முகமூடி விற்பதில்லை

பாயான் பாருவில் இருக்கும் என் கடைக்கு வந்து ரப்பர் முகமூடி கேட்கிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது முகத்தைத்தான். தாடி இருந்தால் விற்கமாட்டேன். போன மாதம்கூட ஒரு தம்பி வந்தான். தொழிற்சாலையில் பெரிய வேலை, கழுத்தில் அட்டை, முகத்தில் எண்ணெய் போட்டு வளர்த்த அழகான தாடி. ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் வேலையாம். அதாவது துருப்பிடிக்காமலிருக்க துத்தநாகம் பூசிய குழாய். எந்த முகமூடி, என்ன நம்பர் என்று எல்லாவற்றையும் கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

"நம்பரெல்லாம் சரிதான் தம்பி. மொதல்ல தாடிய எடுத்துட்டு வா."

"ஆன்ட்டி, இது வைஃபுக்குப் பிடிச்ச தாடி லா."

"அப்ப வைஃபையே வெல்டிங் பண்ணச் சொல்லு."

மறுநாள் மழமழவென்று வந்து நின்றான். எல்லாரும் அப்படித்தான் வருவார்கள். நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவள். ஆனாலும் இந்தத் தீவில் பட்டம் வாங்கிய எத்தனையோ பேர் என் பேச்சைக் கேட்டுத்தான் மூச்சு விடுகிறார்கள் என்று நான் சொன்னால் என் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இன்றைக்கு எனக்கு இரண்டு கடை, இரண்டும் நானே உண்டாக்கியவை. இந்தப் பாடத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. ஒன்பது வயதில், என் அம்மாவின் தையல் கத்தரிக்கோலால் படித்தேன்.

அப்போது நாங்கள் சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இரண்டு அறை எடுத்து இருந்தோம். அப்பா துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிறவர். அம்மா வீட்டிலேயே தைப்பாள். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு தங்கி தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் பட்டறையில் வெல்டிங் செய்துவந்தார். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் என் நெஞ்சில் சளி கட்டி, பெரிய ஆஸ்பத்திரியில் பதினான்கு நாள் மூக்கில் குழாயோடு கிடந்தேனாம். எனக்கு நினைவிருப்பது அங்கே கொடுத்த சிவப்பு ஜெல்லி மட்டும்தான். செத்துப் பிழைத்தவள், என் உடம்பு இரும்பு என்று சந்து முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருடம் பள்ளி விடுமுறை தொடங்கியதும் மாமா தைப்பூசத்துக்கு விரதம் இருக்க ஆரம்பித்தார். நாற்பத்தெட்டு நாள். கவிச்சி கிடையாது, தரையில் படுக்கை, தலையிலும் முகத்திலும் கத்தி படக்கூடாது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலில் முடியிறக்கி, பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். என்ன வேண்டுதல் என்று கேட்டேன். "அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது பாப்பா" என்றார். அப்பாவோ, "வேற என்ன, பொண்ணு கெடைக்கணும்னு இருக்கும். அந்த மூஞ்சிக்கு முருகன்தான் மனசு வைக்கணும்" என்றார். நானும் அதையே நம்பினேன்.

விரதம் தொடங்கிய இரண்டாம் வாரமே காய்ச்சல் வந்தது. அதுவும் சும்மா வரவில்லை, திங்கட்கிழமை பார்த்து வந்தது. பொழுது சாயும் நேரத்தில் பட்டறையிலிருந்து வந்து படியேறும்போதே மாமாவின் பற்கள் நடுக்கத்தில் தந்தியடிக்கும். நெஞ்சை இறுக்குகிறது என்பார். தண்ணீர் குடித்தால் வாயெல்லாம் இனிக்கிறது என்பார். விடிந்தால் ஒன்றும் இருக்காது. செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் ஆள் நன்றாகவே இருப்பார். அடுத்த திங்கள் மறுபடியும் நடுக்கம். மருந்துக்கடைக்காரர் சளிக்காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார். அம்மா, விரதத்தில் ஏதோ குறை வந்துவிட்டது என்று தினம் ஒரு முறைக்கு இரண்டு முறை வீட்டைக் கழுவிவிட்டாள். அப்பாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

"ஞாயித்துக்கெழம ஊத்திக்கிறான், திங்கக்கெழம ஒதறுது. விரதத்துல குடிக்கிறவன என் வீட்ல வச்சிருக்க மாட்டேன். இன்னொரு திங்கக்கெழம இந்தக் கூத்து நடந்தா பெட்டியத் தூக்கிட்டுப் போயிரணும்."

மாமா வாதாடவில்லை. வாதாடத் தெரியாத மனிதர். குடிக்கவில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னார், அதையும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

விடுமுறையில் மாமாவுக்குச் சாப்பாட்டு அடுக்கு கொண்டுபோவது நான்தான். அப்படிப் போன ஒரு சனிக்கிழமை, பட்டறை வாசலில் மாமாவும் தவுக்கேயும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டை என்றால் தவுக்கே கத்துவார், மாமா தலையாட்டுவார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல்கள் போட ஊரெல்லாம் ஜி.ஐ. பைப் கேட்கிற நேரம் அது. பட்டறைக்குள் வெள்ளைப் புகை பஞ்சு பஞ்சாகப் பறந்தது. வெல்டர்கள் சிலர் 'குட் மார்னிங்' என்று அச்சடித்த வெள்ளைத் துண்டை ஈரமாக்கி மூக்கில் கட்டியிருந்தார்கள். துண்டு கட்டினால் போதும் என்று இன்றைக்கும் நினைக்கிறவர்கள் உண்டு. துண்டு தூசியைப் பிடிக்கும், எச்சிலைப் பிடிக்கும். அந்தப் புகை துண்டைக் கண்டு பயப்படாது, நேராக உள்ளே போய்விடும்.

தவுக்கே கஞ்சன்தான், ஆனாலும் விவரமானவர். கப்பல் சாமான் விற்கிற கடையிலிருந்து ஒரு ரப்பர் முகமூடி வாங்கி வைத்திருந்தார். இரண்டு கன்னத்திலும் வட்ட வட்டமாக டப்பா, அதற்குள் புகையை வடிகட்டும் அட்டை. பட்டறைக்கு அது ஒன்றே ஒன்றுதான். கை சுத்தமான ஆள் என்று மாமாவுக்குத்தான் கொடுத்திருந்தார். விரதத்துக்கு முன்னால் மாமாவுக்கு ஒரு நாளும் காய்ச்சல் வராததற்குக் காரணம் அதுதான் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

தவுக்கே அந்த முகமூடியைத் தன் முகத்தில் வைத்து, இரண்டு டப்பாவையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மூச்சை இழுத்துக் காட்டினார். ரப்பர் அவர் கன்னத்தில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது. அதையே மாமாவுக்கு மாட்டி, டப்பாக்களைப் பொத்தி, இழு என்றார். மாமா இழுத்தார். தாடிக்குள்ளிருந்து "புஸ்" என்று சத்தம் வந்தது. காற்று டப்பாவை விட்டுவிட்டு, தாடி முடிகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்துப் போய்க்கொண்டிருந்தது.

"ஜங்குட் போத்தோங் லா!" என்று தவுக்கே கத்தினார். தாடியை வெட்டு என்கிறார். அந்த அளவுக்கு மலாய் எனக்கும் தெரியும்.

"முடியாது தவுக்கே. சாமி வேண்டுதல்" என்றார் மாமா.

"யாருக்கு வேண்டுதல்? செத்துப் போறதுக்கா?" என்று தவுக்கே உடைந்த தமிழில் கேட்டார்.

மாமா என் கையிலிருந்த அடுக்கை வாங்கிக்கொண்டு, "வெயில்ல நிக்காத, வீட்டுக்குப் போ பாப்பா" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை வந்தது. அன்றைக்கு ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி வேலை பார்த்தாராம். புகை போக வழி இல்லாத இடம். இன்றைக்கு என்னிடம் கேட்டிருந்தால், அந்த முகமூடியும் அங்கே போதாது, வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று கொடுக்க வேண்டும், ஒட்டுப் போடுகிற இடத்தில் துத்தநாகப் பூச்சை முதலில் ராவி எடுக்க வேண்டும் என்று சொல்லியிருப்பேன். அன்றைக்கு எனக்கு வயது ஒன்பது. மாமா படியேறி வரவில்லை, இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று போர்வை போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. இருமி இருமி, மூச்சைப் பிடிக்க முடியாமல் பாய் நுனியைப் பிடித்துக்கொண்டார். அப்பா வந்து பார்த்தார். மாமாவின் தகரப் பெட்டியை எடுத்து வாசலில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அம்மா சாமி விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். தையல் மிஷின் மேல் கத்தரிக்கோல் இருந்தது. நான் எடுத்தேன். கண் மூடிக் கிடந்த மாமாவின் வலக்கன்னத்தில் ஒரு கொத்தைப் பிடித்து நறுக்கினேன். இன்னொரு கொத்து. மூன்றாவது கொத்தில் மாமா கண்ணைத் திறந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை நெருப்பாகச் சுட்டது.

"காத்து புஸ்னு போகுது மாமா. நான் பாத்தேன்" என்றேன்.

என்னையே வெகுநேரம் பார்த்தார். பிறகு பிடியை விட்டுவிட்டு, தலையைத் திருப்பி இடப்பக்கத்தைக் காட்டினார்.

அம்மா வந்து பார்த்தபோது பாய் முழுக்க முடி. "என்ன காரியம்டி பண்ணிட்ட, பாவி!" என்று முதுகில் இரண்டு வைத்தாள். அடித்த கையோடு என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு, என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுக் கேட்டு அழுதாள். தாடி போனது மாமாவுக்கு, இவள் எதற்கு என் நெஞ்சில் காது வைக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

காலையில் மாமா முடிதிருத்தும் கடைக்குப் போய் மிச்சத்தையும் மழித்துக்கொண்டு வேலைக்குப் போனார். அடுத்த திங்கட்கிழமை மாலை வீட்டில் எல்லாரும் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாமா இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தார். நடுக்கம் இல்லை, இருமல் இல்லை. உடம்பு வாரம் முழுக்க அந்தப் புகைக்குப் பழகிக்கொள்ளும், ஒரு ஞாயிறு ஓய்வெடுத்தால் பழக்கம் விட்டுப்போய்த் திங்களன்று புதிதாக அடி வாங்கும் என்பதை இருபது வருடம் கழித்து ஒரு முகமூடிக் கம்பெனிக்காரர் எனக்கு விளக்கினார். அப்பாவுக்கு யாரும் விளக்கவில்லை. ஆனாலும் எழுந்துபோய், ஒரு வாரமாக வாசலிலேயே கிடந்த தகரப் பெட்டியை உள்ளே கொண்டுவந்து வைத்தார். "சக்கர போதுமா?" என்று கேட்டுத் தன் கையால் மாமாவுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். அப்பா மன்னிப்புக் கேட்டதை என் வாழ்நாளில் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஒன்பது வயதில் ஒரு ஆண்பிள்ளையின் உயிரைக் காப்பாற்றியவள் நான். இதைச் சொல்லாமல் நான் யாருக்கும் முகமூடி விற்றதில்லை.

தைப்பூசத்தன்று தலைமுடியை மட்டும் இறக்கிவிட்டு மாமா பால்குடம் எடுத்தார். நானும் கூடவே தண்ணீர்மலைப் படியேறினேன். மேலே கூட்டத்தில் ஐயர் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார். மாமா என் பெயரைச் சொன்னார். நட்சத்திரம் கேட்டார். மாமா கேட்டை என்றார். கேட்டை என்னுடையது.

நான் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "மாமா, அது என்னோடது! உங்களோடத சொல்லுங்க."

மொட்டைத் தலையில் சந்தனமும் வியர்வையும் வழிய மாமா குனிந்தார். "என்னோடது மறந்துபோச்சு பாப்பா. ஒன்னோடத இரவல் குடேன்."

"சரி, இந்த ஒரு வருஷம் மட்டுந்தான்" என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

ஆனால் அவர் அடுத்த வருடமும் எடுத்தார், அதற்கு அடுத்த வருடமும் எடுத்தார். "ஒரு வருஷம்னு வேண்டுனத ஆயுசுக்கும்னு மாத்திக்கிட்டான்" என்று அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. பெண் கிடைக்க இன்னும் தாமதமாகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முழங்கால் மடங்காமல் போகும்வரை ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் மாமா பால்குடத்தோடு படியேறினார். ஒவ்வொரு முறையும் ஐயர் கேட்டார், ஒவ்வொரு முறையும் என் பெயர், கேட்டை.

தன் நட்சத்திரத்தைக்கூட நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியாத மாமா எனக்கு ஒருவர் இருக்கிறார் என்று அந்த முதல் வருடமே பள்ளியில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன்.